பன்னிரண்டுக்கு ஒரு கட்டு

மாளிகைக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது நானில்லை, கஞ்சியக்காதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நாக்கு கூசும்.

எங்கள் சலவைக்கூடம் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் இரண்டு ஓட்டல்களுக்கும் துவைக்கிறது. வருகிற துணிகளின் பைகளில் என்னென்னவோ கிடக்கும். சாவி, பல் செட்டு, காதல் கடிதம், ஒரு தடவை உயிரோடு ஒரு நத்தை. அன்றைக்கு ஓட்டலிலிருந்து வந்த குளியல் அங்கியின் பையில் ஒரு விளம்பரத் தாள் இருந்தது. நான்காக மடிந்து ஈரமாகக் கிடந்த அதைக் கஞ்சியக்கா பிரித்து, மேலே ஒரு துணியைப் போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு எடுத்தாள். தாளுக்கு இஸ்திரி போடுகிற ஒரே பெண்பிள்ளை உலகத்தில் அவளாகத்தான் இருக்கும்.

முந்நூறு வருடத்து மாளிகையின் படம் அதில் இருந்தது. பின்னால் படிப்படியாக இறங்கும் ரோஜாத் தோட்டம், நடுவே குளம், ஆள் உயரத்துக்கு வெட்டிவிட்ட செடிச் சுவர்கள். உள்ளே பார்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல். விருந்துக்கூடம், நூலகம், சீமாட்டியின் படுக்கையறை, கீழ்த்தளத்தில் பழைய சலவை அறை.

“சலவை அறையாம்டி!” என்று கஞ்சியக்கா கத்தினாள். உலர்த்தும் இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தும் கடைசி மூலைவரை கேட்டது. “செம்புக் கொப்பரை இருக்காம். கரி இஸ்திரிப் பெட்டி இருக்காம். ஏய், இது உன் சம்பந்தியம்மா வேலை செய்யற இடம்தானே?”

ஆமாம். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

என் மகனுக்கும் அந்த அம்மாளின் மகளுக்கும் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் இரண்டும் தாங்களாகவே முடிவு செய்துவிட்ட விஷயம். பெரியவர்கள் பேசுவது ஒப்புக்குத்தான். ஆனாலும் எனக்குள் ஒரு தயக்கம். அந்த அம்மாள் மாளிகையில் வழிகாட்டியாக இருப்பவள். மெதுவாகப் பேசுவாள், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நிதானமாக இடைவெளி விடுவாள். பகல் முழுக்க இயந்திர இரைச்சலில் கத்திக் கத்திப் பேசும் எனக்கு அவள் எதிரே உட்கார்ந்தால் என் குரலே எனக்குப் பிடிக்காமல் போகும்.

அவர்கள் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது கஞ்சியக்காவும் இருந்தாள். இருக்காமல் எப்படி? என் மகன் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான். அவன் அப்பா இறந்துபோன வருடத்தில் அவனைச் சாப்பிட வைத்ததும் பள்ளிக்குக் கிளப்பியதும் அவள்தான். வந்த அம்மாள் தோளில் ஒரு சால்வை போட்டிருந்தாள். கஞ்சியக்கா வணக்கம் சொன்ன கையோடு அந்தச் சால்வையின் ஓரத்தைப் பிடித்து விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். அவளுக்கு அது பழக்கம். பஸ்ஸில் முன் பின் தெரியாதவர் சட்டையைக்கூடத் தேய்த்துப் பார்ப்பாள்.

“அசல் பட்டுன்னு சொல்லி வித்தானா? பாதி நைலான்மா இது. நல்லா ஏமாத்திட்டான் உங்கள.”

அந்த அம்மாள் சால்வையைக் குனிந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கோ பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் அந்தச் சால்வையை நினைக்காத நாளில்லை.

எங்கள் கூடத்தில் வருடத்துக்கு ஒரு நாள் பாய்லர் சோதனை. சோதனை செய்கிறவர் வந்து பாய்லரைத் திறந்து, தட்டி, எட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அன்று நீராவி கிடையாது, வேலையும் கிடையாது. அந்த நாளில் எல்லோரும் எங்காவது கிளம்பிப் போவது வழக்கம். ஷிப்டு மேற்பார்வை பார்ப்பவள் நான் என்பதால் ஏற்பாடும் என் தலையில்தான் விழும். எல்லோரும் என்னை மேஸ்திரி என்பார்கள். கஞ்சியக்கா மட்டும் ‘ஏய்’ என்பாள், ‘டி’ போடுவாள், கோபம் வந்தால் ‘கழுதை’ என்பாள். அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். முன்பு கஞ்சி போடும் தொட்டியைப் பார்த்துக்கொண்டவள், பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பத்தொன்பது வருடமாக என் ஜோடி.

ஜோடி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பெரிய படுக்கை ஷீட்டுகளை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. அவள் அந்தப் பக்கம் இரண்டு முனை, நான் இந்தப் பக்கம் இரண்டு முனை. இழுத்து, ஒரு உதறு உதறி, நீளவாக்கில் இரண்டு மடி மடித்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து அவள் முனைகளை என் கையில் கொடுப்பாள். தொங்குகிற மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு பின்னால் போவாள், திரும்ப வருவாள். ஒரு ஷீட்டுக்கு இரண்டு தடவை முகத்துக்கு முகம். ஒரு நாளைக்கு முந்நூறு ஷீட். மடிக்கிற இயந்திரம் வாங்கித் தருகிறேன் என்று முதலாளி சொல்லி எட்டு வருடமாகிறது. கட்டிய புருஷனின் முகத்தைக்கூட நான் அத்தனை தடவை பார்த்ததில்லை.

மாளிகை என்று முடிவானதும் சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது. விநியோகச் சீட்டின் பின்புறத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். காலை பத்து மணிக்கு வாசலில் இருக்க வேண்டும். பைகளை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். மரத்தரை தேயாமலிருக்கச் செருப்புக்கு மேலே கம்பளி உறை மாட்டிவிடுவார்கள். முதலில் வீடு, பிறகு தோட்டம், மதியச் சாப்பாடு குளத்தங்கரை பெஞ்சில்.

“நாங்க பதிமூணு பேர் இருக்கோம். ஒரே கூட்டமா வரலாமா?” என்று கேட்டேன்.

“பதினைஞ்சு பேர் வரைக்கும் ஒரே கூட்டம்தான். தாராளமா வாங்க,” என்றாள். “நானே உங்களக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்.”

நானே என்றதும் எனக்குள் ஒரு படம் ஓடியது. சீமாட்டியின் படுக்கையறை. மெத்தையைச் சுற்றித் தொங்கும் வெல்வெட் திரை. ‘தொடாதீர்கள்’ என்ற பலகை. அதைத் தாண்டி நீளும் கஞ்சியக்காவின் கை. “இது என்னம்மா, ரத்தக்கறை மாதிரி இருக்கே, யாருக்குப் பிரசவம் பாத்தீங்க?” என்று அந்த மாளிகையே அதிரக் கேட்கும் அவள் குரல். சம்பந்தியம்மா திரும்பி என்னைப் பார்ப்பாள்.

அன்று காலைத் தேநீர் வேளையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். “என்ன சொன்னாங்க மேஸ்திரி?” என்று வேன் டிரைவர் கேட்டார்.

“ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர்தானாம்,” என்றேன்.

திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் யாராவது நம்புவீர்களோ என்னவோ, எனக்கே முழு நம்பிக்கை இல்லை. எங்கள் வேலையில் எல்லாம் பன்னிரண்டு. பன்னிரண்டு ஷீட் ஒரு கட்டு, பன்னிரண்டு தலையணை உறை ஒரு கட்டு, பதிமூன்றாவது வந்தால் அடுத்த வண்டிக்கு. அதனால் யாரும் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான் என்று தலையாட்டினார்கள். வேறு எந்தத் தொழில்காரர்களாக இருந்தாலும் ‘ஒருத்தர்தானே கூட, கேட்டுப் பாருங்க’ என்றிருப்பார்கள்.

“சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம்,” என்றாள் கிழிசல் தைக்கும் தையல்காரம்மா.

எனக்குப் பகீரென்றது. குலுக்கினால் யார் பெயர் வேண்டுமானாலும் வரும். “அங்க படிக்கட்டு ரொம்பவாம்,” என்றேன் அவசரமாக. “லிஃப்ட் கிடையாதாம். தோட்டம் வேற ஒரே மேடு பள்ளமாம்.” எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று ஒருத்தன் சொன்னானே, அந்தக் கதைதான். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினோரு ஜோடிக் கண்கள் மெல்லத் திரும்பின. கஞ்சியக்காவுக்கு இரண்டு வருடமாக வலது முட்டி சரியில்லை.

“என்னது, எல்லாரும் என் முட்டியவே பாக்கறீங்க? அதுல என்ன படமா ஓடுது?” என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். “யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்.”

மறுநாள் வந்ததும் சொன்னாள். “நீங்க போயிட்டு வாங்க. பாய்லர் பாக்க வர்றவருக்குக் கதவு திறந்துவிட ஒரு ஆள் வேணும்ல? நான் இருக்கேன்.”

முந்தைய வருடங்களில் எல்லாம் காவலாளிதான் கதவு திறந்துவிட்டார். யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. நான் சொல்லவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்ததோடு நிற்கவில்லை, கையும் சொன்னபடி கேட்கவில்லை. அவள் எதிரே நடந்து வரும்போதெல்லாம் நான் ஷீட்டின் ஓரத்தைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், உலர்த்தியின் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“என்னடி, முனை முனையாத் தப்புது இன்னிக்கு?” என்றாள். “ராத்திரி தூங்கினியா இல்லையா? கல்யாணக் கவலையா?”

“ஆமாக்கா,” என்றேன்.

“அதெல்லாம் நல்லபடியா நடக்கும். அந்தம்மா முகத்தப் பாத்தாலே தெரியுது, நல்ல மனுஷி.” மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். “எனக்காக அந்தச் சலவை அறைய மட்டும் நல்லாப் பாத்துட்டு வா. கொப்பரைக்கு அடியில தீ எப்படி மூட்டினாங்கன்னு பாரு. தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாரு. வந்து ஒண்ணு விடாம சொல்லணும்.”

சரி என்றேன். அவள் கேட்டதைக்கூட எழுதிக்கொண்டேன், அதே விநியோகச் சீட்டின் பின்னால்.

வெள்ளிக்கிழமைக்குள் என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது செய்தே ஆக வேண்டும் போலிருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது ஒரு நிமிட வேலை. ஆனால் நான் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? தேநீர் வேளையில் எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன்.

“எனக்கு மனசு கேக்கல. இந்த இடத்த நமக்குக் கண்டுபிடிச்சுக் கொடுத்ததே அக்காதான். அதனால என் இடத்துல அக்கா போகட்டும். நான் இங்க இருந்து கதவு திறந்துவிடறேன்.”

 வேன் டிரைவர் கை தட்டினார், எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். “இந்தக் காலத்துல யாரும்மா இப்படி விட்டுக்கொடுப்பாங்க,” என்று தையல்காரம்மா கண்ணைத் துடைத்தாள். எனக்கும் கண் கலங்கியது என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. நான் நிஜமாகவே நல்லவள் என்று அந்த இரண்டு நிமிடம் எனக்கே தோன்றிவிட்டது. அவள் போனால் நான் அங்கே இருக்க மாட்டேன், அவள் என்ன பேசினாலும் என் காதில் விழாது என்ற கணக்கும் அடியில் ஓடியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கஞ்சியக்கா மட்டும் கை தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லை. குழந்தை பாத்திரத்தை உடைத்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

“வேண்டாம்டி,” என்றாள். “நீ போகலன்னா உன் சம்பந்தியம்மா என்ன நினைப்பாங்க? நீதான் போகணும். உக்காரு.”

உட்கார்ந்தேன். அவள் மறுத்ததில் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. விட்டுக்கொடுத்த பெயரும் கிடைத்தது, போகவும் போகிறேன்.

திங்கட்கிழமை மாலை சம்பந்தியம்மா கூப்பிட்டாள். நான் வீட்டில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன், எந்த நிறம் போட்டால் கொஞ்சம் அமரிக்கையாகத் தெரிவேன் என்று கண்ணாடி முன்னால் நின்று.

“நீங்க அனுப்பின பட்டியல்ல பன்னிரண்டு பேர்தான் இருக்கு. நீங்க பதிமூணுன்னு சொன்ன ஞாபகம்.”

“ஒருத்தரால வர முடியல,” என்றேன்.

“யாரு, அந்த அக்காவா?”

“ஏன் கேக்கறீங்க?” என்றேன்.

“போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆபீசுக்குப் போன் பண்ணினாங்க. அன்னிக்குப் போன் எடுக்கற முறை எனக்கு. பேர் சொல்லல, ஆனா அந்தக் குரல மறக்க முடியுமா?” சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “ஒரு கூட்டத்துல எத்தனை பேர் வரலாம்னு கேட்டாங்க. பதினைஞ்சுன்னு சொன்னேன்.  அப்புறம் முட்டி சரியில்லாதவங்க பாக்க முடியுமா, படி எத்தனைன்னு கேட்டாங்க. மாடிக்கு நாப்பது படி, ஆனா சலவை அறை கீழேதான், தோட்டத்துக்கு உருட்டற நாற்காலி தருவோம்னு சொன்னேன். சரிம்மா, நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு வெச்சுட்டாங்க. ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு புரியல. நான் பாட்டுக்கு உங்ககிட்ட உளறிட்டேன்.”

“அவங்களுக்கு முட்டி ரொம்ப வலி,” என்றேன். பொய்க்குப் பொய் முட்டுக்கொடுப்பது அதற்குள் எனக்குக் கைவந்த கலையாகியிருந்தது.

“அடடா. அவங்கள நான் பாக்கணும்னு இருந்தேன். அந்தச் சால்வைய அன்னிக்கே கடைக்குக் கொண்டுபோய்க் கேட்டேன். நைலான்தான்னு ஒத்துக்கிட்டான். வருஷக்கணக்கா அந்தக் கடையில வாங்கறேன், ஒருத்தர்கூடச் சொன்னதில்ல. எல்லாரும் அழகா இருக்கு அழகா இருக்குன்னுதான் சொன்னாங்க.” நிதானமாக ஒரு இடைவெளி விட்டாள். “மாளிகையில நிறைய பழைய துணி இருக்கு. எங்களுக்கே என்னன்னு தெரியாது. அவங்க வந்தா தொட்டுப் பாக்கச் சொல்லலாம்னு மேலதிகாரிகிட்ட அனுமதிகூடக் கேட்டு வெச்சிருந்தேன்.”

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் பொய் சொன்னது செவ்வாய்க்கிழமை காலை. அப்படியானால் புதன்கிழமை ‘கதவு திறக்க ஆள் வேணும்ல’ என்று சொன்னபோது அவளுக்குத் தெரியும். ‘தூங்கினியா’ என்று கேட்டபோது தெரியும். வெள்ளிக்கிழமை நான் எழுந்து நின்று தொண்டையைச் செருமி, இல்லாத பற்றாக்குறைக்கு என் இடத்தைத் தியாகம் செய்தபோது, எல்லோரும் கை தட்டியபோது, நான் கண் கலங்கியபோது, அவளுக்குத் தெரியும். இன்னும் மூன்று இடம் காலியாக இருப்பது தெரிந்துகொண்டே ‘உக்காரு’ என்றாள்.

உடம்பெல்லாம் கூசியது. காது மடல்வரை சூடேறியது. தனி அறையில், யாருமே பார்க்காதபோது, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். கண்ணாடியில் அந்த அமரிக்கையான நிறத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முதல் கட்டை ஆரம்பித்ததுமே சொல்லிவிட்டேன்.

“அக்கா, பன்னிரண்டு பேர்தான்னு நான் சொன்னது பொய்.”

அவள் தன் முனைகளை இழுத்து ஷீட்டை உதறினாள். “தெரியும்.”

“உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். சம்பந்தியம்மா சொன்னாங்க.”

“சொல்லாதீங்கன்னு சொன்னேனே அந்தம்மாகிட்ட.” நடந்து வந்து முனைகளைக் கொடுத்தாள். “சரி விடு.”

“ஏன்க்கா என்னைக் கேக்கல? மூஞ்சில காறித் துப்பியிருக்கலாமே.”

“கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். எதுக்கு உனக்கு அந்தக் கஷ்டம்?” மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. “அதுவும் அன்னிக்கு எந்திரிச்சு நின்னு ஒரு பிரசங்கம் பண்ணினே பாரு. சிரிப்ப அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான்டி தெரியும்.”

இங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டு, அவள் கையைப் பிடித்து, வியாழக்கிழமை வேனில் முன் சீட்டில் உட்காரவைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு முழுசாகச் சுத்தமாகிவிட வேண்டும் என்று இருந்தது. சலவைக்காரி புத்தி. அழுக்கை உள்ளே விடக்கூடாது, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு அலசிவிட்டால் சரியாகிவிடும் என்றே பழகியவள் நான்.

“ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்க மாட்டியா?”

“அதான் தெரியுமே.”

“இல்லக்கா. நீ வந்தா சம்பந்தியம்மா முன்னாடி ஏதாவது பேசிடுவியோன்னு பயந்தேன். சால்வையத் தொட்டுப் பேசினியே, அந்த மாதிரி அங்கயும் தொட்டு, சத்தமா ஏதாவது சொல்லி…” அதோடு நிறுத்தவில்லை. “உன்னைக் கூட்டிட்டுப் போக எனக்கு வெட்கமா இருந்துச்சுக்கா.”

எதிரே வந்துகொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. எப்படிப் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டுப் பிறகு போனது.

“முட்டிக்காக இல்லையா?” என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

“என் முட்டிய நினைச்சுத்தான் நீ அப்படிச் சொன்னேன்னு நெனச்சேன்.” மெதுவாகப் பேசினாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. “நேரா வராதேன்னு சொன்னா நான் கேக்க மாட்டேன், வீம்புக்கு எல்லாப் படியும் ஏறி அப்புறம் படுத்துக்குவேன். அது தெரிஞ்சுதான் நீ இப்படிச் சுத்தி வளைச்சு ஒரு கணக்கு சொல்றேன்னு நெனச்சேன். வீட்டுல அவர்கிட்டகூடச் சொன்னேன். கூடப் பொறந்தவகூட இவ்வளவு யோசிக்க மாட்டா, இவ யோசிக்கறா பாருங்கன்னு.”

எங்கள் நடுவே ஷீட் தொய்ந்து தரையைத் தொட்டது. தரையைத் தொட்டதைத் திரும்பத் துவைக்க வேண்டும் என்பது விதி. அவள் தன் முனைகளைச் சுருட்டி அழுக்குத் தொட்டிக்குள் போட்டாள். நானும் என் பக்கத்தை விட்டேன்.

“நீ வா அக்கா,” என்றேன். “அவங்க உனக்காகத்தான் காத்துட்டிருக்காங்க. துணியெல்லாம் நீ தொட்டுப் பாக்கணும்னு அனுமதி வாங்கி வெச்சிருக்காங்க. நான் எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடறேன்.”

அவள் அடுத்த ஷீட்டை எடுத்து இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினாள். தேநீர் வேளைவரை நாற்பது ஷீட் மடித்தோம். எண்பது தடவை எதிரே வந்தாள். இப்போது பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தவள் அவள்தான், குற்றம் செய்தவள் அவள் போல.

தேநீர் வந்ததும் நான் எழுந்து நின்றேன். போன வெள்ளிக்கிழமை நின்ற அதே இடம். 

“ஒரு விஷயம் சொல்லணும். மாளிகைக்குப் பதினைஞ்சு பேர் வரைக்கும் போகலாம். இது எனக்கு…”

“நேத்துத்தான் போன் வந்துச்சாம்,” என்றாள் கஞ்சியக்கா. குரல் பழையபடி கூடம் முழுக்கக் கேட்டது. “பதினைஞ்சா மாத்திட்டாங்களாம். ஆனா என்னை எதிர்பாக்காதீங்கப்பா. இந்த முட்டியோட நாப்பது படி ஏறினா அப்புறம் என்னையும் ஒரு கட்டாக் கட்டித்தான் தூக்கிட்டு வரணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பாவம் என்றார்கள். வேனிலேயே உட்கார்ந்திருக்கலாமே என்றார் டிரைவர். கதவு யார் திறப்பது என்றாள் அவள். தையல்காரம்மா ஏதோ தைலத்தின் பெயர் சொல்லி, எப்படித் தேய்க்க வேண்டும் என்று விளக்கினாள். கஞ்சியக்கா கவனமாகக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். ‘முதல்லயே தெரியும், நான்தான் மறைச்சேன்’ என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“மேஸ்திரி, நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?” என்றாள் தையல்காரம்மா.

பதினோரு பேர் என்னைப் பார்த்தார்கள். அன்று எனக்காகக் கை தட்டிய முகங்கள்.

“அவ்வளவுதான்,” என்றேன். உட்கார்ந்து தேநீரைக் குடித்தேன்.

கஞ்சியக்கா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முட்டியைப் பிடித்தபடி என்னைக் கடந்து போனாள். மடிப்பு மேசைவரை போய்விட்டுத் திரும்பினாள்.

“மேஸ்திரி, நேரமாச்சு. ஷீட் எல்லாம் அப்படியே கிடக்குது,” என்றாள். “வாங்க.”

பத்தொன்பது வருடத்தில் அவள் என்னை வாங்க என்று கூப்பிட்டதில்லை. எழுந்து போய் என் பக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டேன்.